சோறு இருக்கு, தொட்டுக்க என்ன?

போன வைகாசியில் ஊருக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். திருப்பூரில் வீட்டு வாடகை, பிள்ளைகளுக்கான செலவு, கேஸ் விலை என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒருவர், பிரியமாகத்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அரிசிதான் ரேஷன்ல சும்மா போடுறாகளே, அப்பறம் சாப்பாட்டுக்கு என்னத்தா பெரிய செலவு?” அவர் குத்திப் பேசவில்லை. என் மனசை ஆற்றத்தான் சொன்னார். நானும் “ஆமா பெரியம்மா” என்று சொல்லிவிட்டேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டியும் அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் அதே வார்த்தையை நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ஒரு முழு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அந்த வருஷம் என் மகள் உடம்பில் என்ன செய்தது என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

இலவச அரிசியைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. எங்கள் அம்மாவுக்கு ‘ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று 1967 தேர்தலில் ஊரெல்லாம் சொன்னது சிறு பிள்ளை ஞாபகமாக இருக்கிறது. அப்போது அரிசிச் சோறு என்பது அவர் வீட்டில் நல்ல நாளுக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் கம்பங்கூழும் கேப்பைக் களியும். எனக்குக் கல்யாணமான 2008-ல்தான் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூனிலிருந்து அது இலவசம். எங்கள் கார்டுக்கு மாதம் 20 கிலோ. எந்த நெருக்கடியிலும் என் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு படுத்ததில்லை என்றால் அதற்கு அந்த 20 கிலோதான் காரணம். இதை எங்கே கேட்டாலும் சொல்வேன்.

அந்த அரிசியை எப்படிப் பழக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. வாடை போக நாலு தண்ணீர் மாற்றிக் கழுவி அரை மணி நேரம் ஊறவைப்பேன். வடிக்கும்போது அரை உப்பு போட்டால் சோறு பொலபொலவென்று வரும். கடை அரிசி பாதி, ரேஷன் அரிசி பாதி கலந்து உலை வைப்பவர்கள் உண்டு. புழுங்கல் அரிசியை இட்லிக்கு மட்டும் ஒதுக்கி, நாலுக்கு ஒன்று உளுந்தும் கொஞ்சம் வெந்தயமும் போட்டு ஆட்டுபவர்கள் உண்டு. அந்த இட்லி கடை இட்லி அரிசிக்குக் கொஞ்சமும் குறையாது. இப்போது செறிவூட்டிய அரிசி வருகிறது. நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகள் அதில் கலந்திருக்கும். கழுவும்போது அவை மேலே மிதந்தால் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறார்கள். எங்கள் காம்பவுண்டில் இரண்டு வீட்டில் நானே போய்ச் சொல்லி நிறுத்தினேன். எறிய வேண்டியது அது இல்லை என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதும் இந்தக் கதையில்தான் வருகிறது.

நான் எதை வெட்டினேன்

2022-ல் நூல் விலை தாறுமாறாக ஏறியது. மே மாதத்தில் திருப்பூரில் இரண்டு நாள் பனியன் கம்பெனிகளை அடைத்துப் போராட்டமே நடந்தது. அதற்குப் பிறகும் ஆர்டர் இல்லை. என் வீட்டுக்காரர் ஓவர்லாக் டைலர், பீஸ் ரேட்டு, தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. நான் செக்கிங்கில் இருக்கிறேன். வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்டு ஓடியவருக்கு நாலு நாள் ஒரு ஷிப்டு கிடைத்தாலே பெரிது என்று ஆனது. சனிக்கிழமை சம்பளக் கவர் பாதியானது. வாடகையை வெட்ட முடியாது, பிள்ளைகள் வேன் காசை வெட்ட முடியாது, சீட்டுப் பணத்தை நிறுத்தினால் போட்டதும் போகும். பாலும் கேஸும் போக வாரம் 900 ரூபாயில் நடந்த சமையலை 600-க்குக் கொண்டு வந்தேன். கொண்டு வந்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

எப்படிக் கொண்டு வந்தேன்? துவரம் பருப்பு அப்போது வெளியில் கிலோ நூறைத் தாண்டியிருந்தது. ரேஷனில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ போதும், கடையில் வாங்க வேண்டாம் என்று முதல் வெட்டு அதில்தான் விழுந்தது. அடுத்தது முட்டை. அதற்கடுத்தது ஞாயிற்றுக்கிழமைக் கறி. பருப்பு வேண்டாத குழம்பு நம்மிடம் எத்தனை இருக்கிறது! சுண்டைக்காய் வத்தல் குழம்பு, பூண்டுப் புளிக்குழம்பு, மிளகு ரசம், வெங்காயத் துவையல், எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு. நான் நன்றாகச் சமைப்பேன். அந்த நாட்களில் இன்னும் நன்றாகச் சமைத்தேன். காரமும் புளிப்பும் உப்பும் ஒரு இழை தூக்கலாக வைத்தால் கூட ஒரு கரண்டி சோறு தானாக உள்ளே போகும். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு “இன்னுங் கொஞ்சம் சோறு போடும்மா” என்பார்கள். நானும் போடுவேன். அவர்கள் கேட்டு நான் இல்லையென்று சொன்னதே இல்லை. அரிசி இருந்தது.

கறியும் முட்டையும் இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டதால், சாயங்காலம் பிள்ளைகள் வந்ததும் ஆளுக்குப் பத்து ரூபாய்க்கு பிஸ்கட்டோ குச்சி சிப்ஸோ வாங்கிக் கொடுத்துவிடுவேன். பத்து ரூபாய்தானே என்று தோன்றும். இரண்டு பிள்ளைக்கு வாரத்துக்கு அது 140 ரூபாய். இருபத்தெட்டு முட்டைக் காசு. இந்தக் கணக்கை நான் அந்த வருஷம் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மகள் ஆறாம் வகுப்பு வரை பள்ளியில் சத்துணவுதான் சாப்பிட்டாள். ஏழாம் வகுப்பு போனதும் “எல்லாரும் டிபன் பாக்ஸ் கொண்டு வர்றாங்க, நானும் கொண்டு போறேன்” என்றாள். எனக்கு அது புரிந்தது. வரிசையில் தட்டோடு நிற்பது அந்த வயசுக்குக் கூச்சம். சரி, அவள் மானம்தானே என்று காலையிலேயே எலுமிச்சைச் சோறோ தக்காளிச் சோறோ கிண்டி டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். பள்ளியில் வாரம் ஐந்து நாளும் கொடுத்துக்கொண்டிருந்த முட்டையை அப்படித்தான் இழந்தோம். என் கையாலேயே கட்டிக் கொடுத்து இழந்தோம்.

இரண்டாவது கேள்வி

பள்ளியில் ஒருநாள் மருத்துவ முகாம். விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். மறுநாள் பெற்றோர் வரச் சொல்லிச் சீட்டு. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஹீமோகுளோபின் 9.4 என்று எழுதியிருந்தது. அவள் வயசுக்கு 12-ஆவது இருக்க வேண்டும் என்றார் அந்த நர்ஸ். நாற்பது வயசு இருக்கும், கோபமில்லாத முகம். “நல்லாச் சாப்பிடுறாளாம்மா?” என்று கேட்டார். “மூணு வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுவா மேடம். சோறு வேண்டாம்னு சொன்னதே இல்ல” என்றேன். கொஞ்சம் வேகமாகத்தான் சொன்னேன், பட்டினி போடுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “சரி, நேத்துக் காலையிலேர்ந்து என்னென்ன சாப்பிட்டா, சொல்லுங்க” என்றார்.

காலையில் இட்லி, தேங்காய் இல்லாத காரச் சட்னி. மத்தியானம் எலுமிச்சைச் சோறு, ஊறுகாய். சாயங்காலம் டீ, பிஸ்கட். ராத்திரி சோறு, பூண்டுக் குழம்பு, அப்பளம். சொல்லிக்கொண்டே வந்தவள் அப்பளத்தில் நின்றுவிட்டேன். முந்தின நாளையும் கேட்டார். காலையில் பழைய சோறு, மத்தியானம் புளிச்சோறு, ராத்திரி ரசம். அதற்கு முந்தின நாள் சாம்பார் வைத்திருந்தேன். பருப்பு எவ்வளவு என்று கேட்டார். ஒரு கைப்பிடி என்றேன். நாலு பேருக்கா என்றார். நாலு பேருக்கு, இரண்டு வேளைக்கு. அந்த அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அவர் ஒரு வார்த்தை என்னைக் கடியவில்லை. “இங்க வர்ற பாதிப் பிள்ளைங்க இப்படித்தாம்மா. யாரும் பசியோட வர்றதில்ல” என்று சொல்லிவிட்டு மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். மாத்திரையை டீயோடு கொடுக்காதீர்கள், சாப்பிட்ட கையோடும் டீ வேண்டாம், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்றார். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் சேரும் என்றார். ரேஷன் அரிசியில் செறிவூட்டிய மணி வந்தால் பொறுக்காதீர்கள் என்றதும் அவர்தான். எங்கள் மாநிலத்தில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அது எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் மகள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறாள் என்பதையும், அதை நான் சோம்பேறித்தனம் என்று ஏசியிருக்கிறேன் என்பதையும்தான்.

அன்று ராத்திரி பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மாதம் 20 கிலோ அரிசி, நாலு பேர்: ஆளுக்கு நாளைக்கு 165 கிராம். மாதம் ஒரு கிலோ பருப்பு, நாலு பேர்: ஆளுக்கு நாளைக்கு எட்டு கிராம். எட்டு கிராம் பருப்பை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தேன். கை மூடினால் உள்ளே இருப்பதே தெரியவில்லை. குழம்பில் மஞ்சள் நிறம் இருந்தது, பருப்பு வாசனை இருந்தது, பெயரும் சாம்பார்தான். பருப்பு இல்லை.

பெரியம்மாவின் கேள்விக்கு எனக்கு அந்தக் காலண்டர் தாள்தான் பதில். சாப்பாட்டுச் செலவு என்பது சோற்றுச் செலவு இல்லை, தொட்டுக்கொள்வதற்கான செலவு. கையில் காசு குறையும்போது சுருங்குவதும் அதுதான். சுருங்கியது வயிற்றுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அந்த இடத்தைச் சோறு நிரப்பிவிடுகிறது. பசி எடுத்து அழுதிருந்தால் எனக்கு முதல் வாரமே தெரிந்திருக்கும்.

பாட்டியின் கொள்ளு

நாங்கள் குடியிருப்பது லைன் வீடு. வீட்டுச் சொந்தக்காரப் பாட்டி காங்கேயம் பக்கம் பிறந்தவர், காட்டு வேலை பார்த்த உடம்பு. மகளுக்கு ரத்தம் குறைவாம் என்று கேள்விப்பட்டு, முருங்கைக் கீரையை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தார். பேச்சுவாக்கில், “கொள்ளு வெக்கறதில்லையா அம்மிணி?” என்றார். எங்கள் சிவகங்கைப் பக்கம் எங்கள் வீட்டில் கொள்ளு மாட்டுக்குப் போடுவது. அதோடு ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு’ என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஏற்கெனவே ஒல்லியாக இருக்கிற பிள்ளைக்குக் கொள்ளைக் கொடுத்தால் இன்னும் இளைத்துவிடாதா என்று கேட்டேன். பாட்டி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எங்கூர்ல ஏரு புடிச்சவனெல்லாம் அதைத் தின்னுதான் புடிச்சான். எம்பட நாலு புள்ளைங்களும் அதுல வளந்ததுதான். நாளைக்கு ஊறப் போட்டு வெய்யி, நான் வாறேன்” என்றார்.

மறுநாள் அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். கொள்ளில் கல்லும் மண்ணும் அதிகம். முறத்தில் புடைத்து, தண்ணீரில் அரித்து, அடியில் தங்குவதைக் கொட்டினார். ராத்திரி முழுக்க ஊறிய ஒரு டம்ளர் கொள்ளைக் குக்கரில் தாராளமாகத் தண்ணீர் விட்டு ஆறு விசில் விட்டார். வெந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. நான் அதை வடித்துக் கொட்டப் போனேன். “அய்யோ, அதை என்னத்துக்குக் கொட்டறே!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் புளி கரைத்து, சீரகம், மிளகு, பூண்டு தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கினார். அது ரசம். வெந்த கொள்ளோடு சின்ன வெங்காயம், வரமிளகாய், சீரகம், கொத்தமல்லி வதக்கிச் சேர்த்து மிக்சியில் ஒரு சுற்று, ஒரே சுற்று, அரைபட்டும் படாமலும். கடுகு தாளித்துக் கொட்டினார். அது கடைசல். சூடான சோற்றில் கடைசலைப் போட்டு நடுவில் குழி பறித்து ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி என் மகளுக்குப் பிசைந்து கொடுத்தார். எப்போதும் மூன்றாவது தடவை சோறு கேட்பவள் அன்று இரண்டாவதோடு கை கழுவப் போனாள். போதுமா என்று கேட்டேன். “தம்முனு இருக்கும்மா” என்றாள்.

ஒரு டம்ளர் கொள்ளில் நாலு பேருக்கு இரண்டு வகை. முப்பது கிராம் கொள்ளில் ஏறக்குறைய ஒரு முட்டையில் உள்ள அளவு புரதம் இருக்கிறது. இரும்புச்சத்தும் உண்டு. எங்கள் தெருக் கடையில் அப்போது அரைக் கிலோ 35 ரூபாய். ஒரு வருஷமாக அந்தக் கடை வாசலில் அந்த மூட்டையைத் தாண்டித்தான் பிஸ்கட் வாங்கப் போயிருக்கிறேன்.

600 ரூபாயும் ஊறப்போடுகிற வேலையும்

காசு அதற்குப் பிறகும் அதே 600-தான். வாங்குகிற வரிசையை மாற்றினேன். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் முதலில் எடுப்பது பயறும் பருப்பும் முட்டையும். அப்போதைய விலைக்குத் துவரம் பருப்பு அரைக் கிலோ 55, கொள்ளு 35, தட்டைப்பயறு அரைக் கிலோ 45, நிலக்கடலை கால் கிலோ 30, முட்டை ஒரு டஜன் 60. மொத்தம் 225. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் எண்ணெய், புளி, மிளகாய், காய்கறி. மீதியில் என்ன முடியுமோ அது. ரேஷன் பாமாயிலை வேண்டாம் என்பவர்கள் உண்டு, நான் தாளிக்க அதையே வைத்துக்கொண்டேன். காய்க்கு ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தை. விடிகாலையில் போனால் காய் புதுசு. ஒன்பது மணிக்கு மேல் போனால், பஸ்ஸைப் பிடிக்க அவசரப்படும் விவசாயிகள் மிச்சத்தைக் கூறு கட்டிப் போட்டுவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள். பத்து ரூபாய்க் கூறில் முற்றிய கத்தரிக்காயும் இருக்கும், நல்லதும் இருக்கும். தட்டைப்பயறோடு போட்டுக் குழம்பு வைத்தால் முற்றல் தெரியாது. பிஸ்கட்டுக்குப் பதில் வேகவைத்த கடலை. முதல் வாரம் பையன் முகத்தைத் தூக்கினான். கடலையில் கொஞ்சம் மாங்காயும் வெங்காயமும் நறுக்கிப் போட்டதும் வழிக்கு வந்தான்.

சத்துணவைப் பற்றி மகளிடம் பேசுவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவள் கூச்சத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் படித்ததே அந்தச் சோற்றுக்காகத்தான், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைத் தொடங்காமல் இருந்திருந்தால் எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் பள்ளிக்கூட வாசலை மிதித்திருக்க மாட்டோம் என்று சொன்னேன். அவள் பேசாமல் இருந்தாள். இரண்டு நாள் கழித்து, அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். டப்பாவும் கொண்டு போவாள், அதில் கடைசலோ பொரியலோ இருக்கும், சோறும் முட்டையும் பள்ளியில் வாங்கிக்கொள்வாள். இரண்டு தோழிகளும் அதையே செய்ய ஆரம்பித்தார்கள்.

இப்படி எழுதும்போது சுலபமாகத்தான் தெரிகிறது. மலிவுச் சமையலுக்கு யோசனை சொல்கிற யாரும் ஒன்றைச் சொல்வதில்லை. பயறு என்றால் முந்தின ராத்திரியே ஊறப் போட வேண்டும். ஒன்றரை ஷிப்டு முடித்து ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவி, இடுப்பு கழன்று போகிற நேரத்தில், நாளைக்கு என்ன என்று யோசிக்கிற புத்தி மிச்சம் இருக்க வேண்டும். ஒருநாள் மறந்தால் மறுநாள் புளிக்குழம்புதான், வேறு வழியில்லை. நான் பருப்பை வெட்டியதற்குக் காசு மட்டும் காரணமில்லை. புளிக்குழம்பு பத்து நிமிஷத்தில் முடிகிறது, அதுவும் காரணம். காசில்லாத வீட்டில் இந்த நேரத்தையும் யோசனையையும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது ஊறப்போடுகிற வேலை என் வீட்டுக்காரருடையது. அதை நான் கேட்டுத்தான் வாங்கினேன். கல் அரிக்கவும் பாட்டியிடமே கற்றுக்கொண்டார்.

நாலு மாதம் கழித்துப் பார்த்தபோது மகளுக்கு ஹீமோகுளோபின் 10.8. மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்து செய்த வேலை. எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியாது. இன்னும் 12 வரவில்லை, மாத்திரையைத் தொடரச் சொன்னார் அந்த நர்ஸ். இந்தத் தடவை அவர் கேட்கும் முன்பே என் மகளே நேற்றைக்கு முந்தின நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

வளைகாப்பு முடிந்து இரண்டு மாதத்தில் பெரியம்மா ஆஸ்பத்திரி வேலையாகக் கோயம்புத்தூர் வந்தவர், வழியில் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினார். கொள்ளுக் கடைசல் வைத்தேன். “மாட்டுக்குப் போடுறதையா?” என்று தயங்கித்தான் உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்துவிட்டு, தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தபடி, “இதுக்கு எவ்வளவு கொள்ளுத்தா போட்ட?” என்று கேட்டார். டம்ளரை எடுத்துக் காட்டினேன். அதை வாங்கி உள்ளே பார்த்துவிட்டு, ஊருக்குக் கொண்டு போக அரைக் கிலோ வாங்கித் தரச் சொன்னார்.